மதினிக்கு நல்ல ரயில்

ஐப்பசி 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். வாசலில் நாலு எட்டு வைத்தால் கரிசல் மண் அப்பிக்கொண்டு செருப்பு செங்கல் மாதிரி கனக்கிறது. கம்பெனியில் வேலை இல்லை. தீபாவளியோடு கடலைமிட்டாய் ஆர்டர் ஓய்ந்துவிட்டது. நாலைந்து பில் போட்டேன், மீதி நேரம் ஞாயிற்றுக்கிழமை வேலைகளை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மகள் கௌசல்யாவுக்கு நிச்சயதார்த்தம். சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

செய்ய வேண்டியவை:
சமையல்காரரை நேரில் பார்க்க (போனில் எல்லாவற்றுக்கும் சரி சரி என்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது)
கௌ. ஜாக்கெட், கை இறுக்கம்
தட்டு ஒன்பதா பதினொன்றா? சம்பந்தி அம்மாவிடம் கேட்க
கழுகுமலை ஆட்களை ஏற்றி வர வேன்

சம்பந்தி அம்மா என்று முழுசாக எழுதினால் கை வலிக்கிறது. இனி ச.அம்மா.

சாயங்காலம் மதினியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ், குவைத்திலிருந்து. "ஏட்டி செல்வி, டிக்கெட் போட்டாச்சு. ஞாயித்துக்கெழம விடியுறதுக்கு முன்னாலயே மெட்ராஸ்ல எறங்கிருவேன். எங்க மேடம் மனசு மாறதுக்குள்ள ஓடி வாரேன் பாத்துக்கோ. ஏர்போர்ட்ல இருந்து டவுனுக்கு எந்த ரயிலு, அங்கேர்ந்து நம்ம ஊருக்கு எந்த ரயிலு, எல்லாம் நீயே பாத்துச் சொல்லிரு. கௌசிக்குத் தட்டு மாத்துறதுக்குள்ள வந்துருவேன்லா?"

கௌ. இதை நாலு தடவை போட்டுக் கேட்டாள். குதித்தாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணா இது!

எனக்கும் சந்தோஷம். இன்று ராத்திரி வரை சந்தோஷம்தான் என்று எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி 19, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது. அதோடு நல்லது முடிந்தது.

பதினொரு மணிக்கு ச.அம்மா போன். தட்டு பதினொன்று. பழத்தட்டில் அன்னாசி வேண்டாம், முள். அப்புறம் குரல் இறங்கியது. "ஒங்க மதினி வாராவளாம்லா? எம் மவன் சொன்னான். ரொம்ப சந்தோசம். ஒண்ணும் நெனச்சுக்கிடாதீய. தட்டு வாங்குத எடத்துல நெறஞ்சவியளா நின்னா நல்லதுன்னு எங்க மாமியா சொல்லுதாவ. நான் அப்படியெல்லாம் பாக்குற ஆளு கெடையாது."

நான் அப்படியெல்லாம் பார்க்கிற ஆள் கிடையாது என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தட்டு வாங்கும்போது முதலில் கை வைப்பது அத்தை. அப்பாவோடு பிறந்தவள். அது அவள் உரிமை, யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. கௌசிக்கு இருப்பது ஒரே அத்தை. இவருடைய அக்கா சண்முகத்தாய், என் மதினி. அவர் கணவர் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது மதினிக்கு முப்பத்தைந்து வயது. பிள்ளை இல்லை. கௌ. பிறந்து நான் வேலைக்குப் போன நாட்களில் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, எல்.கே.ஜி.க்குக் கொண்டு விட்டதெல்லாம் மதினி. அப்புறம்தான் குவைத். ஒரு கிழவி வீட்டில் கிழவியைத் தூக்கி உட்கார வைக்கிற வேலை. கௌ. கழுத்தில் ஞாயிற்றுக்கிழமை கிடக்கப்போகிற ஆரமும் மதினி அனுப்பியதுதான். அந்தத் தங்கத்துக்கு மட்டும் தீட்டு இல்லை போலிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசத்தை ஊற்றிப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் எங்க அக்காட்ட வராதன்னு சொல்ல முடியுமாட்டி?"

"யாரு சொல்லச் சொன்னா?"

"நீதான ரயிலு பாக்குத. பாத்துப் பாரு."

"பாத்துப் பாருன்னா?"

"பாத்துப் பாரு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான். கணவன் மனைவிக்குள் ஒரு பெரிய அநியாயம் பேசி முடிக்க இவ்வளவு நேரம்தான் ஆகிறது.

ஐப்பசி 20, வியாழன்

மேகமூட்டம். தலைவலி. கம்பெனியில் உட்கார்ந்து போனில் ரயிலே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கேட்டார், "என்ன செல்வி, மெட்ராசுக்குப் போறீங்களா?" இல்லை சார், மெட்ராசிலிருந்து ஒருவரை வரவிடாமல் செய்கிறேன். சொல்லவில்லை.

நிலவரம் இதுதான். எழும்பூரிலிருந்து விடியலில் ஒரு வேக வண்டி. அதில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோவில்பட்டி. தவறவிட்டால் அடுத்தது பகல் வண்டி. அது ஊர் ஊராக நின்று விளக்கு வைத்த பிறகுதான் வரும். இரண்டிலும் இடம் இருக்கிறது.

ஆக மதினி எந்த வண்டியில் வருவார் என்பது, ஏர்போர்ட்டிலிருந்து எழும்பூருக்கு எதில் போகிறார் என்பதில் இருக்கிறது.

எலெக்ட்ரிக் ட்ரெயின்: ஏர்போர்ட்டுக்கு எதிரே ரோட்டைத் தாண்டி திரிசூலம் ஸ்டேஷன். இருட்டிலேயே ஓட ஆரம்பித்துவிடும். நேராக எழும்பூர், மாற வேண்டாம். வேக வண்டியைப் பிடித்துவிடலாம்.
ஆனால்: சுரங்கப் பாதை, படிக்கட்டு. இரண்டு பெட்டி. இருட்டு. ஒற்றைப் பொம்பிளை.

மெட்ரோ: ஏர்போர்ட்டுக்கு உள்ளிருந்தே போகலாம். ஏ.சி. லிப்ட், நகரும் படி. ஆலந்தூரில் ஒரே ஒரு மாற்றம், அங்கும் லிப்ட். மதினிக்கு முழங்கால் வலி.
ஆனால்: அந்த நேரத்தில் ஓடாது. முதல் மெட்ரோ வருவதற்குள் வேக வண்டி போய்விடும்.

யாரிடம் கேட்டாலும் மெட்ரோதான் சொல்வார்கள். நானே அந்நியர் யாராவது கேட்டால் மெட்ரோதான் சொல்வேன். நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

தாம்பரத்தையும் பார்த்தேன். திரிசூலத்திலிருந்து எதிர்ப்பக்கம், இன்னும் பக்கம். வேக வண்டி அங்கேயும் நிற்கிறது. ஆக மதினிக்கு அந்த வண்டியைப் பிடிக்க ஒன்றல்ல, இரண்டு வழி. இரண்டையும் நான் அடைக்க வேண்டும். தாம்பரத்தில் வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும், பெட்டியோடு ஏற முடியாது என்று சொல்லலாம். இதுவும் பொய் இல்லை.

பகல் வண்டியில் டிக்கெட் போட்டேன். ஜன்னல் ஓரம். ஜன்னல் ஓரம் கிடைத்ததில் ஒரு திருப்தி வேறு எனக்கு!

ஐப்பசி 21, வெள்ளி

விளக்கு கழுவினேன். மாரியம்மன் கோவிலுக்குப் போகவில்லை. போக மனசில்லை.

மெசேஜ் பதிவு செய்தேன். முதல் தடவை எழுதி வைத்து வாசிப்பது போல வந்தது, அழித்தேன். இரண்டாவது தடவை ரொம்ப இனிப்பாக வந்தது, அதையும் அழித்தேன். மூன்றாவது இது: "மதினி, மெட்ரோதான் நல்லது. இருட்டுல வெளிய வராதீங்க, விடியுற வரைக்கும் உள்ளயே உக்காந்திருங்க. டீயக் குடிச்சிட்டு நிதானமா மெட்ரோ ஏறுங்க. எழும்பூர்ல பகல் வண்டி. ஜன்னல் சீட்டு போட்டிருக்கேன்."

நிச்சயத்துக்கு வந்து சேர முடியாது என்பதைச் சொல்லவே இல்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில். "சரிட்டி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்னத்தத் தெரியும்? அந்தக் கெழவி வீட்டு வாசலத் தாண்டுனதில்ல." பின்னால் கிழவி அரபியில் கத்துவது கேட்டது.

கௌ. கண்டுபிடித்துவிட்டாள். என் போனை வாங்கி டிக்கெட்டைப் பார்த்தாள்.

"ம்மா, இதுல வந்தா ராத்திரில்லா ஆகும். எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போனா மொத வண்டியப் புடிச்சிரலாமே?"

"இருட்டுல ஒத்தையில எப்படிட்டி வருவாவ?"

"இருட்டா? குவைத்துக்கே ஒத்தையிலதான போனாவ?"

"நீ ஜாக்கெட்டப் போட்டுப் பாரு போ."

போனாள். திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

எதிர்வீட்டு ஆட்டோ அண்ணாச்சி வேறு. "என்ன தாயி, அக்காவக் கூப்புட வேன் என்னைக்குக் கெளம்புது?" எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் வேன் போகும். வீடே ஏறிக்கொள்ளும். புளியோதரைத் தூக்கு, பாட்டு, வழியில் ஒரு குழந்தை வாந்தி. இவர் சவுதியிலிருந்து வந்தபோது இருபது பேர் திருவனந்தபுரம் போனோம். புளியோதரை கிண்டியது மதினி. "வேன் கழுகுமலைக்குப் போகுது அண்ணாச்சி, சொந்தக்காரங்கள ஏத்த. மதினி ரயில்ல வந்துருவாவ," என்றேன். "ரயிலும் நல்லதுதான்," என்றார் அண்ணாச்சி. அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஐப்பசி 22, சனி

மண்டபத்தில் தண்ணீர் வரவில்லை, லாரிக்குச் சொல்லியாயிற்று. சமையல்காரர் முருங்கைக்காய் விலையைச் சொல்லிக் கத்தரிக்காய்க்கு மாற்றினார். தேங்காய், பூ சொல்லியாயிற்று. வெற்றிலை நாளை. இடுப்பு ஒடிகிறது.

மதினி குவைத் ஏர்போர்ட்டிலிருந்து வீடியோ. பச்சைச் சேலை, தலையில் எண்ணெய் வைத்து வாரி, பெரிய பொட்டு இல்லாமல் சின்னதாக ஒரு சாந்து. ஆளே இளைத்துவிட்டார். "கௌசிக்கு நாளைக்குக் கட்டச் சேல எடுத்திருக்கேன். அத்த சேலைதான மொதல்ல கட்டணும்? வந்த ஒடனே குடுத்திருதேன். பிளவுஸ் துணியும் இருக்கு, ஒங்க தெருவுல தைக்கத ஆளு உண்டும்லா?"

இவர் பக்கத்தில் நின்றார். "அதெல்லாம் பாத்துக்கிடலாம்க்கா, நீ பத்திரமா வா," என்றார். போனை என்னிடம் தந்துவிட்டுத் தண்ணீர் லாரியைப் பார்க்கப் போனார். லாரி வந்து ஒரு மணி நேரம் ஆயிற்று.

அப்போது சொல்லியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது. "மதினி, மெட்ரோ வேண்டாம், எதிர்த்தாப்ல திரிசூலம் போயிருங்க" என்று ஒரு வரி. வேக வண்டியில் அப்போதும் இடம் இருந்தது, பார்த்தேன். விரல் வைத்துப் பார்த்தேன். ச.அம்மா முகம் வந்தது. கல்யாணம் நின்று போய்க் கௌ. வீட்டில் உட்கார்ந்திருப்பது போல ஒரு நினைப்பும் வந்தது. நிற்காது. ஒரு தட்டுக்காக எந்தக் கல்யாணமும் நிற்காது என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

கொசு. மதினிக்குக் கட்டில் போட வேண்டும்.

ஐப்பசி 23, ஞாயிறு

விடிந்ததும் மழை. நல்ல சகுனம் என்றார்கள்.

காலையில் மதினி மெசேஜ்: "எறங்கிட்டேன். நீ சொன்ன மாரியே உள்ளயே உக்காந்திருக்கேன். டீ வெந்நி மாரி இருக்கு." கொஞ்சம் கழித்து மெட்ரோவில் எடுத்த போட்டோ, பெட்டி இரண்டும் காலுக்கு நடுவில். சிரிக்கிறார். "சூப்பரா இருக்குட்டி. வேர்க்கவே இல்ல."

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். கத்தரிக்காய் வற்றல் குழம்பு உப்பு சரி. பாயசம் இரண்டாம் பந்தியில் தண்ணீர். ச.அம்மா முகம் நிறைந்த சிரிப்பு. மாப்பிள்ளைப் பையன் நல்ல பிள்ளை, பெரியவர்களைப் பார்த்து எழுந்து நின்றான். தட்டில் முதல் கை வைத்தது இவருடைய சித்தி மகள். மேளக்காரர் நன்றாக வாசித்தார்.

இதை எழுதாமல் விடக் கூடாது. தட்டு மாற்றும் நேரத்தில் கௌ. மணையில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து வீடியோ போட்டுவிட்டாள். மதினி முகம் வந்தது. ரயில் ஜன்னல், பின்னால் ஓடுகிற கரும்பு. "அத்த, பாருங்க, பாருங்க," என்று போனைத் தட்டுக்கு நேராகப் பிடித்தாள். மதினி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ச.அம்மாவின் மாமியார் திரும்பினார். நான் போய்ப் போனை வாங்கினேன், அணைத்தேன்.

"என்னம்மா?"

"சிக்னல் போயிட்டுட்டி."

சிக்னல் இருந்தது.

அதற்குப் பிறகு கௌ. போட்டோ எதிலும் சிரிக்கவில்லை. போட்டோக்காரர் கேட்டுப் பார்த்தார், கேட்டுப் பார்த்தார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இவர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். தோசை மாவு இருக்கிறது.

ஐப்பசி 24, திங்கள்

லீவு போட்டேன். பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற வேலை. ஒரு கரண்டி குறைகிறது.

நேற்று ராத்திரி மதினி வந்தார். கால் வீங்கியிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு வந்தால் வீங்காதா? சுடு தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குளித்துவிட்டு வந்து முதலில் பெட்டியைத்தான் திறந்தார். கௌசிக்குச் சேலை. அரக்குச் சிவப்பு, பொடிக்கட்டம். இங்கே எந்தக் கடையிலும் இவ்வளவு நல்ல நிறம் நான் பார்த்ததில்லை. கௌ. அதை மேலே போட்டுக்கொண்டு அத்தை மடியில் படுத்துவிட்டாள். மதினி அவள் தலையைத் தடவிக்கொண்டு, "அழாத கழுத, நான் தான் ரயில்லருந்து பாத்தேம்லா, பாதி வரைக்கும்," என்றார்.

எனக்குக் கைலி மாதிரி வழவழவென்று ஒரு நைட்டி, வாசனை சோப்பு, முழங்கைக்குத் தைலம். போன வருஷம் முழங்கை வலி என்று எப்போதோ சொன்னேன். இவருக்கு வாட்ச். இவர் கட்டிக்கொண்டு, நேரம் வைக்கத் தெரியாமல் திருகிக்கொண்டே இருந்தார்.

இன்று காலை நானும் மதினியும் மட்டும். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மதினி அடுப்படி வாசலில் உட்கார்ந்து தானாகப் பேச ஆரம்பித்தார்.

"என்கூட பிளைட்ல ஒரு சங்கரன்கோவில்க்காரி வந்தா, பாத்துக்கோ. கெட்டிக்காரி. பெட்டி வந்ததும், 'வாங்கக்கா, எதுத்தாப்ல எலெக்ட்ரிக் ட்ரெயினு, அதுல போனா வெரசா போற வண்டியப் புடிச்சிரலாம், மத்தியானம் கோவில்பட்டில இருப்பிய'ன்னா. எம் பெட்டியவும் சேத்து இழுத்துக்கிட்டு நடக்கா."

தோசை தீய்ந்தது. சுரண்டினேன்.

"நான் நின்னுட்டேன். 'இல்லம்மா, எங்க செல்வி மெட்ரோன்னு சொல்லியிருக்கா, நீ போ'ன்னுட்டேன். 'என்னக்கா, அவியளுக்குத் தெரியாம சொல்லியிருப்பாவ'ன்னா. 'அவளுக்குத் தெரியாத ரயிலு கெடையாது'ன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். சட்னி கேட்டார். வைத்தேன்.

தெரிந்துதான் உட்கார்ந்திருந்தார். விடியுற வரைக்கும், அந்த நாற்காலியில், சேலைப் பெட்டியை வைத்துக்கொண்டு. நான் போட்டோவில் பார்த்து நிம்மதிப்பட்ட அந்தச் சிரிப்பு, எல்லாம் தெரிந்த பிறகு சிரித்தது.

இவரிடம் சொன்னேன். "அக்கா அப்படியெல்லாம் நெனைக்கிற ஆளு இல்ல," என்றார். பாவி மனுஷன். நானும் பாவிதான், கூட்டு.

ஐப்பசி 25, செவ்வாய்

மழை விட்டு நல்ல வெயில். மாடியில் மெத்தை காய்கிறது. கரண்டி கிடைத்துவிட்டது, பந்தல்காரர் சாக்கில்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். மதினி கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானம் செய்து வந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட ஒத்திகை. "மதினி, அந்த ரயிலு விஷயம்" என்று வாயைத் திறப்பதற்குள் அவர் பேசினார்.

"கார்த்திக கடைசிலதான கல்யாணம்?"

"ஆமா மதினி."

"அன்னைக்குக் காலைல மதுரைக்கு ஒரு வண்டி இருக்காம்லா. மீனாச்சிக்கு நேந்துக்கிட்டது ஒண்ணு ரொம்ப நாளாக் கெடக்கு. அதுல போயிட்டு, தாலி கட்டி முடிஞ்சி, பந்தியெல்லாம் எடுத்த பொறவு திரும்பிருதேன். கௌசிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ எந்த வண்டின்னு மட்டும் பாத்துச் சொல்லு."

குத்தல் இல்லை. கோபமும் இல்லை. வெங்காயத்தின் நுனியைக் கிள்ளிக்கொண்டே, கடைக்குப் போக வேண்டியதைச் சொல்வது போலச் சொன்னார்.

"என்ன மதினி இப்படிப் பேசுதீய, நீங்க இல்லாம தாலியா?" என்றேன். சொல்லத்தான் செய்தேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் இருந்தது. ச.அம்மாவிடம் வாதாட வேண்டாம், இவரோடு சண்டை வேண்டாம், எல்லாம் தானாகச் சரியாயிற்று என்று அந்த ஒரு மூச்சில் எனக்கு வந்தது நிம்மதி. யாரிடமும் சொல்ல மாட்டேன், இங்கே எழுதுகிறேன். நிம்மதிதான்.

மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டார். தொலியை எல்லாம் முந்தியில் அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப டிக்கெட்டப் போட்டுரு," என்றார்.